எரிந்ததாக எழுதிய விண்ணப்பங்கள்

அன்று கல்லூரி ஆபீசில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஹெட்கிளார்க் ஆவுடையப்ப பிள்ளை தம் மேஜையில். அவருக்கு இடப்புறம் டைப்பிஸ்ட் ஜோசப். வாசலை ஒட்டி முக்காலியில் பியூன் காதர் பாய். ரிக்கார்டு அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நான். மேஜைக்கு எதிரே, யாரும் உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே, கிருஷ்ணாராம் என்ற இளைஞர், இருபத்துமூன்று வயதிருக்கும். பிரின்ஸிபால் மாடியில் கணக்கு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். அவரைச் சேர்த்தால் ஆறு. ஆனால் அவர் அங்கே இல்லை, சேர்க்கக் கூடாது. பின்னால் யாராவது விசாரித்தால் சொல்ல வேண்டுமே என்று அன்றைக்கே இதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது எழுதக் காரணம் உண்டு. போன மாதம் கல்லூரியின் இப்போதைய ரிக்கார்டு கிளார்க் என்னைத் தேடி வில்லாபுரம் வந்தார். சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்யும் ஒருவர், கல்லூரியில் ஆசிரியர்களை நியமித்த விவரங்களைக் கேட்டு எழுதியிருக்கிறாராம். யார் யார் மனுப் போட்டார்கள், யாருக்குக் கிடைத்தது என்று ஆதியிலிருந்து வேண்டுமாம். “வேலை கெடைக்காதவங்க மனுக் கட்டு முப்பதுகள்ல ஒண்ணுகூட இல்லையேண்ணே, எங்க போச்சு?” என்றார். வேலையை விட்டு இத்தனை வருஷம் ஆகியும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். “தம்பி, வாயால சொன்னா எதையாச்சும் விட்டுருவேன். எழுதித் தாரேன்” என்று மோர் கொடுத்து அனுப்பினேன். பிள்ளை போய் வெகுகாலம் ஆகிறது. ஜோசப்பும் இல்லை. இனி எழுதினால் யாருக்கும் கெடுதல் வராது என்று நாலைந்து நாள் யோசித்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

நான் சோழவந்தான் பக்கம். வெற்றிலைக் கொடிக்கால் குடும்பம். மூன்றாம் பாரத்தில் இருக்கும்போது கொடிக்காலில் வாடல் விழுந்து கொடி முழுக்கக் கருகிப்போயிற்று. பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட வழியில்லாமல் நின்றேன். சில வருஷம் மதுரையில் வெற்றிலை மண்டியில் கணக்கு எழுதினேன். என் குண்டு எழுத்தைப் பார்த்து ஒருவர் சிபாரிசு செய்ய, இந்தக் கல்லூரி ஆபீசில் ரிக்கார்டு பார்க்கும் ஆளாகச் சேர்ந்தேன். பசை காய்ச்சினேன், நாடா கட்டினேன், நம்பர் போட்டேன். அப்படியே ஐந்தாறு வருஷம் போயிற்று. என்னைவிட நிறையப் படித்தவர்களின் காகிதங்களைப் பத்திரமாகக் கட்டி வைப்பது என் உத்தியோகம்.

நான் பயந்த சுபாவம். சாயங்காலம் ரிக்கார்டு அறையைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்தும் இழுத்துப் பார்ப்பேன். “சோணைமுத்து, நீ இழுக்கிற இழுப்புல பூட்டு ஒரு நாளைக்கு உன் கையோட வீட்டுக்கு வரப்போவுது” என்பார் காதர் பாய்.

ஆவுடையப்ப பிள்ளை திருநெல்வேலிக்காரர். மதுரையில் இருபது வருஷம் இருந்தும் அவர் நாக்கு தாமிரபரணியைத் தாண்டி வரவில்லை. காலையில் கோட்டும் தலைப்பாகையுமாக வருவார். இரண்டையும் ஆணியில் மாட்டுவார். ஒரு நீலப் பென்சிலைச் சீவி வலது காதில் செருகிக்கொண்டுதான் உட்காருவார். எந்தக் கடிதத்தையும் மூன்று தரம் படிப்பார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தரம். என்ன எழுதவில்லை என்று ஒரு தரம். மூன்றாம் தரம் கையை நீட்டி எட்டப் பிடித்துக்கொண்டு, ஓரம் நேராக விட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார். யாரிடமும் கத்திப் பேசியதில்லை. ஆனால் வாயால் சொல்லும் எதையும் காதில் வாங்க மாட்டார். “எழுதிக் கொண்டாரும்” என்பார். என்னிடம் என்றால், “எழுதிக் கொண்டாலே.” ஜோசப் ஒரு நாள், “சார், உங்க தலைப்பாகைல பல்லி” என்றதற்கும் “எழுதிக் கொண்டாரும்” என்று தலையைத் தூக்காமல் சொன்னாராம். இது ஜோசப் கட்டிவிட்ட கதை. நான் பார்க்கவில்லை.

ஓர் ஆசிரியர் வேலை காலியானால் நடப்பது இதுதான். பத்திரிகையில் விளம்பரம் போகும். மனுக்கள் தபாலில் வந்து குவியும். ஒவ்வொன்றிலும் நான் தேதி முத்திரை குத்தி, சிவப்பு மையில் நம்பர் போட்டு, நற்சாட்சிகளை இடது மூலையில் குண்டூசியால் சேர்ப்பேன். கடைசித் தேதி முடிந்ததும் ஒரு முகப்புத்தாள் எழுதுவேன்: பெயர், படிப்பு, எந்த வகுப்பு, தேறி எத்தனை வருஷம், கேட்கும் சம்பளம். அந்தக் கடைசிப் பத்தியை எழுதுவதுதான் கஷ்டம். நாட்டில் நெருக்கடி ஏற ஏற, அதில் ரூபாய் குறைந்துகொண்டே வந்தது. ஒரு கட்டத்தில் ரூபாயே இல்லை. எம்.ஏ. முதல் வகுப்பு என்று மேலே இருக்கும். கீழே, ‘தாங்கள் கொடுப்பது எதுவாயினும்’ என்று இருக்கும். பிள்ளை அவற்றைப் படித்து நீலப் பென்சிலால் வரிசை நம்பர் போட்டுக் கமிட்டிக்கு அனுப்புவார். கமிட்டி ஒரு காலைப்பொழுது கூடி காப்பி சாப்பிடும். ஒருவருக்குக் கிடைக்கும். அவர் மனு அவர் பெயருள்ள கோப்புக்குள் போய் நிரந்தரமாக உட்கார்ந்துகொள்ளும். மற்றவர்களுடையவை ஒரே கட்டு. மூன்று வருஷம் வைத்திருந்துவிட்டு ஆபீசுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் எரித்துவிட வேண்டும். அழிப்பு ரிஜிஸ்தர் என்று ஒன்று உண்டு. அதில் ‘என் முன்னிலையில் எரிக்கப்பட்டது’ என்று எழுதி ஹெட்கிளார்க் கையெழுத்துப் போடுவார்.

பிள்ளைக்கு இழுப்பு நோய். புகை ஆகாது. அதனால் ஜன்னலைச் சாத்திவிட்டுக் கண்ணாடி வழியாகப் பார்ப்பார். வேப்பமரத்துக்கு மேல் புகை தெரிந்ததும் கையெழுத்துப் போடுவார். முன்னிலை என்றால் எங்கள் ஆபீசில் அதுதான்.

அந்த ஐந்தாறு வருஷத்துக்குப் பிறகு, முதன்முதலாக என்னை எரிக்கச் சொன்ன அன்று கட்டைப் பிரித்தேன். கட்டோடு போட்டால் எரியாது. பிரித்ததும் ஒரு எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் மடியில் விழுந்தது. நகல் இல்லை, அசல். நகல் எடுத்து அத்தாட்சிக் கையெழுத்து வாங்க ஆள் கிடைக்கவில்லையோ, ஓலைக் குடிசையில் இருக்கும் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து அனுப்பினாரோ, எனக்கு என்ன தெரியும். அந்தப் புத்தகத்தின் வாசல் வரைகூட நான் போனதில்லை. நாளைக்கு அவர் வந்து நிற்பார், ‘என் புத்தகம் எங்கே’ என்று கேட்பார், எரித்துவிட்டோம் என்று எந்த வாயால் சொல்வேன்? எரித்ததைத் திரும்பக் கொண்டுவர முடியாது. எரிக்காததை எப்போது வேண்டுமானாலும் எரித்துக்கொள்ளலாம் என்று அப்போது தோன்றியது. ரசாயனக் கூடத்துக்குக் கண்ணாடிச் சாமான் சுற்றி வந்த வைக்கோலையும் பழைய பத்திரிகைகளையும் போட்டுக் கொளுத்தினேன். புகை நன்றாகவே எழும்பியது. ஜன்னலுக்குள் பிள்ளை கையெழுத்துப் போடுவது தெரிந்தது. கட்டு, ரிக்கார்டு அறைப் பரணில், உடைந்த பெஞ்சுகளுக்குப் பின்னால் போயிற்று.

ஒரு தரத்தோடு நிற்கவில்லை. ஒன்றைக் காப்பாற்றிவிட்டு அடுத்ததை எரிக்க மனசு வரவில்லை; அதில் யாருடைய அசல் இருக்கிறதோ. ஒன்பது வருஷத்தில் பதினோரு கட்டுகள் சேர்ந்துவிட்டன. மழை வந்தால் ஒழுகுமோ என்று பயம். வெயில் அடித்தால் செல்லரிக்குமோ என்று பயம். வேப்பிலையும் வசம்பும் வாங்கி அடுக்கடுக்காக வைத்தேன். யாராவது பரணை அண்ணாந்து பார்த்தால் எனக்கு வியர்க்கும்.

இந்த நிலையில்தான் சர்வகலாசாலைப் பொருளாதாரப் பேராசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. இக்கடிதம் கொண்டுவரும் மாணவருக்கு ஆசிரியர் நியமன விவரங்களைப் பார்க்க உதவ வேண்டும் என்று. பிள்ளை மூன்று தரம் படித்தார், குறிப்பு எழுதினார், பிரின்ஸிபால் அனுமதித்துக் கையெழுத்திட்டார். பெயர்களை எடுத்து எழுதக் கூடாது, ரிக்கார்டு கிளார்க் கூட இருக்க வேண்டும், இவை நிபந்தனைகள். மறுநாள் கிருஷ்ணாராம் வந்து நின்றார்.

“தம்பிக்கு எந்த ஊரு?” என்றார் பிள்ளை.

“இந்த ஊருதான் சார். மகால் பக்கம். எங்க ஐயா சாயப்பட்டறை வச்சிருக்காரு.”

வீட்டில் சௌராஷ்டிரம் பேசும் குடும்பம். படிப்புக்காகச் சென்னைக்குப் போனவர். நகக் கண்களில் அப்போதும் லேசாகச் சிவப்புச் சாயம் இருந்தது. லீவுக்கு வந்தால் பட்டறையில் கை வைக்காமல் விடமாட்டார்களாம்.

“என்னத்த ஆராய்ச்சி பண்ணுதீரு?”

“காலேஜ் வேலைக்கு யாரை எடுக்கிறாங்கன்னு சார்.”

“எடுத்தவங்கள எடுத்திருக்கோம். இதுல ஆராய என்ன இருக்கு?”

ஜோசப்பின் மிஷின் சத்தம் நின்றது. சிரிப்பை அடக்குகிறார் என்று அர்த்தம்.

“எடுக்காம விட்டவங்களையும் பாக்கணும் சார். ஒரு வேலைக்கு எம்புட்டுப் பேரு வந்தாங்க, என்ன படிச்சிருந்தாங்க, எம்புட்டுச் சம்பளத்துக்கு வாரேன்னாங்க. அதுதான் சார் ஆராய்ச்சியே.”

“அதெல்லாம் எரிச்சாச்சே! மூணு வருசமா புது நியமனமும் கெடையாது. இந்தா, ரிஜிஸ்தர். நீரே பாத்துக்கிடும்.” அழிப்பு ரிஜிஸ்தரை அவர் பக்கம் திருப்பி வைத்தார். பதினோரு வரி, பதினோரு கையெழுத்து. கிருஷ்ணாராம் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே கீழே போனார். நான் கதவைப் பிடித்திருந்தேன் என்று சொன்னேன் அல்லவா, அது இதற்காகத்தான்.

கிடைத்தவர்களின் பதினோரு மனுக்களை மட்டும் எடுத்துக் கொடுத்தேன். மூன்று நாள் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். மத்தியானம் அவர் வீட்டுப் புளியோதரை வரும். எண்ணெய்க் கை காகிதத்தில் பட்டுவிடுமே என்று அவரை வெளியே அனுப்பிச் சாப்பிடச் சொன்னேன். எனக்கும் ஒரு பங்கு வைத்திருப்பார். மூன்றாம் நாள் நோட்டை மூடிக் கயிறு சுற்றினார். நோட்டு மெலிசாகத்தான் இருந்தது.

“வேலை கெடச்சவனை மட்டும் எண்ணி என்னண்ணே செய்ய? கரையேறினவனைக் கூப்பிட்டு ஆத்துல எம்புட்டுத் தண்ணின்னு கேக்கிற மாதிரி இருக்கு.”

“வேற காலேஜ்ல கேக்கலையா தம்பி?”

“நாலு எடத்துல கேட்டேன். அம்புட்டுப் பேரும் எரிச்சிட்டாங்க. பங்குனிக்குள்ள கணக்கு வரலேன்னா இந்த விசயத்தையே விட்டுரச் சொல்லிட்டாரு புரொபசர். உபகாரச் சம்பளமும் நின்னுரும். எங்க ஐயா பட்டறைக்கே வந்துருங்கிறாரு. சாயம் காய்ச்ச எனக்கும் தெரியும்ணே, அதொண்ணும் கேவலமில்ல. ரெண்டு வருசமா இதையே நெனச்சுக்கிட்டுக் கிடந்துட்டேன், அதான்.” எழுந்தார். “நாளைக்கு ரயிலுண்ணே. போயிட்டு வாரேன்.”

“நாளைக்குப் போகாதீங்க தம்பி” என்று என் வாயில் வந்துவிட்டது.

“ஏண்ணே?”

“நாளைக்கு... சகுனம் சரியில்ல.”

“நான் சாயங்கால ரயிலுக்குத்தானே போறேன்?”

“சாயங்காலமும் சரியில்ல.”

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

மறுநாள் மத்தியானம் பிள்ளை தயிர்சாதத்தைப் பிரித்து வைத்திருந்தார். ஜோசப் வெளியே போயிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

“சார், ஒரு விசயம்.”

“எழுதிக் கொண்டாலே.”

“எழுத முடியாத விசயம் சார்.”

“ஆபீசுல எழுத முடியாத விசயம்னு ஒண்ணு கெடையாது. போ.”

போனேன். ரிக்கார்டு அறையில் உட்கார்ந்து எழுதினேன். ‘ஐயா, எரிக்கச் சொன்ன பதினோரு கட்டுகளையும் நான் எரிக்கவில்லை. எரித்தது வைக்கோலும் பழைய பத்திரிகைகளும். கட்டுகள் பரணில் இருக்கின்றன. தாழ்மையுள்ள சோணைமுத்து.’ ஓரம் விட்டுத்தான் எழுதினேன். வேலை போகிற கடிதத்திலும் ஓரம் கோணக் கூடாது என்று பயம்.

பிள்ளை முதல் தரம் படித்தார். சாதத்தில் வைத்த கை அப்படியே நின்றது. இரண்டாம் தரம் படித்தார். “ஏன் எரிக்கலேன்னு எழுதலையே?”

“பயமா இருந்துச்சு சார்.”

மூன்றாம் தரம் எட்டப் பிடிக்கவில்லை. நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். “அப்பம் என் கையெழுத்து?” என்றார். மெதுவாகத்தான் கேட்டார்.

என் வேலை போகும் என்று பயந்திருக்கிறேன். செல்லுக்குப் பயந்திருக்கிறேன், மழைக்குப் பயந்திருக்கிறேன், திருடனுக்குக்கூடப் பயந்திருக்கிறேன். அவருடைய பதினோரு கையெழுத்தையும் நான் பொய்யாக்கி வைத்திருக்கிறேன் என்பது ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. நான் பயந்த எந்தப் பயத்திலும் அவர் இல்லை. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தயிர்சாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“நீ மட்டுமா பொய் எழுதவச்ச? ‘என் முன்னிலையில்’னு நாந்தான எழுதியிருக்கேன், சன்னலச் சாத்திக்கிட்டு.” எழுந்து கை கழுவினார். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டார். “ஏணியப் புடி.”

ஆறு படி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். மேலே போய் உடைந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு கட்டைப் பிரித்தார். காய்ந்த வேப்பிலை பொடிந்து விழுந்தது. முகப்புத்தாளில் என் சிவப்பு மை மங்காமல் இருந்தது.

“வசம்பெல்லாம் வச்சிருக்கியே! எங்க வீட்டுக் கொலுப் பொம்மைக்குக்கூட இம்புட்டுப் பக்குவம் கெடையாதுல.”

ஒவ்வொரு மனுவாக எடுத்தார். அவருடைய நீலப் பென்சில் நம்பர் மூலையில் இருந்தது. ஒன்றை நெடுநேரம் வைத்திருந்தார். “இவன் எழுதியிருக்க அழகப் பாரு. நாலாவதா வச்சிருக்கேன். மொதல்ல வச்சிருக்கலாம்.”

“ஏன் சார் நாலாவதா வச்சீங்க?”

“ஞாபகம் இல்ல. அன்னைக்கு ஒரு காரணம் இருந்திருக்கும்.” அதைக் கீழே வைத்துவிட்டு மறுபடியும் எடுத்துப் பார்த்தார். கிருஷ்ணாராமுக்கு ஏன் இவை வேண்டும் என்று அதுவரை நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு சொல்லத் தேவை இருக்கவில்லை.

“பிரின்ஸிபால்ட்டச் சொல்லணுமா சார்?”

“சொன்னா எழுத்துலதான் சொல்லணும். எழுதினா உனக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. உனக்கு எத்தன பிள்ளைய?”

“மூணு சார்.”

“எனக்கு அஞ்சு.” கொஞ்சம் இருமினார். “ரிஜிஸ்தர்படி இதெல்லாம் சாம்பல். இல்லாத காயிதத்தப் பாக்க யாரு அனுமதியும் வேண்டாம். சாம்பல எண்ணுதேன்னு ஒருத்தன் வந்து உக்காந்தா நாம என்ன செய்ய முடியும்? ஆனா ஒண்ணு. பேரு, ஊரு, தகப்பன் பேரு எதுவும் அந்தப் பையன் கண்ணுல படப்பிடாது. வேலை கெடைக்கலைங்கது ஒருத்தனோட மானம்ல. எண்ணி முடிச்சதும் நெசமாவே எரிச்சிரணும்.”

அது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது. பிரின்ஸிபால் நல்ல மனிதர். சொல்லியிருந்தால் மன்னித்திருப்பாரோ என்னவோ. மன்னிக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தால் இன்றைக்கும் தூக்கம் போய்விடும்.

உடனே காதர் பாயை மகால் பக்கம் அனுப்பி, ரயிலேற வேண்டாம் என்று கிருஷ்ணாராமுக்குச் சொல்லிவிட்டேன். பழுப்புக் காகிதத்தைச் சிறு சிறு பட்டைகளாக வெட்டி, பெயர்களின் மேல் ஒரு முனையில் மட்டும் பசை தொட்டு ஒட்டினேன். இரண்டு நாள் ஆயிற்று. பிறகு கிருஷ்ணாராமைப் பரணுக்கு ஏற்றினேன். கட்டுகளைப் பார்த்ததும் ஒவ்வொன்றின் நாடாவையும் தொட்டுக்கொண்டே போனார்.

“அம்புட்டும் இருக்காண்ணே?”

“சத்தம் போடாதீங்க தம்பி.”

“இதுக்குத்தான் சாயங்காலமும் சகுனம் சரியில்லயா?” என்று சிரிக்க ஆரம்பித்தவர், தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்பு நின்ற பிறகும் துண்டை எடுக்கவில்லை.

ஆறு நாள் எண்ணினோம். அவர் படிக்க, நான் கோடு போட்ட தாளில் குறித்தேன். காதர் பாய் வாசலில் காவல். யாராவது வந்தால் இருமுவார். “உங்க புண்ணியத்துல பிள்ளைவாளோட இழுப்பு எனக்கும் ஒட்டிக்கிரும் போல” என்று தினமும் அலுத்துக்கொண்டார். பிள்ளை பரண் பக்கமே வரவில்லை. சாயங்காலம் தலைப்பாகையை எடுக்கும்போது மட்டும், “சாம்பல் எம்புட்டு ஆச்சு?” என்பார்.

ஐந்தாம் நாள் ஒரு மனுவைக் கையில் எடுத்த கிருஷ்ணாராம் படிக்காமல் இருந்தார். நான் பட்டை சரியாக ஒட்டவில்லையோ என்று பதறி எட்டிப் பார்த்தேன். பட்டை சரியாகத்தான் இருந்தது.

“தெரிஞ்ச எழுத்துண்ணே. எனக்குப் பள்ளிக்கூடத்துல இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தவரு. கரும்பலகைல எட்டு வருசம் பாத்த எழுத்து.” பட்டையின் ஒட்டாத முனை லேசாகத் தூக்கியிருந்தது. அதை அவரே விரலால் அழுத்திவிட்டார். “எழுதுங்க. எம்.ஏ., ரெண்டாம் வகுப்பு. தேறி ஒன்பது வருசம். சம்பளம், தாங்கள் கொடுப்பது எதுவாயினும்.”

நான் எழுதினேன். அவர் அடுத்ததை எடுத்தார்.

கட்டுகளில் மொத்தம் ஏழு அசல் சான்றுகள் இருந்தன. ‘தவறுதலாக எங்களிடம் தங்கிவிட்டது’ என்று பிள்ளையே ஏழு கடிதம் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினார். நான் ஒன்பது வருஷம் யாருக்காகப் பயந்தேனோ அந்த எஸ்.எஸ்.எல்.சி.க்காரர் பதில் கார்டு போட்டிருந்தார். அவர் அந்த வருஷமே பணம் கட்டி வேறு புத்தகம் வாங்கிவிட்டாராம். இப்போது தபாலாபீசில் இருக்கிறாராம். இரண்டு புத்தகம் இருந்தால் இரண்டு வேலை கொடுப்பார்களா என்று விசாரித்திருந்தார். ஜோசப் அந்தக் கார்டை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

ஒரு சனிக்கிழமை வகுப்புகள் முடிந்த பிறகு வேப்பமரத்தடியில் கட்டுகளைப் பிரித்துப் போட்டேன். பிள்ளை நனைத்த துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு வெளியே வந்து நின்றார்.

“சார், உள்ள போங்க, இழுப்பு வந்துரும்” என்றேன்.

“முன்னிலைன்னா முன்னிலைதாம்ல. தீயப் போடு.”

பதினோரு கட்டும் எரிந்து முடியும்வரை நின்றார். நடுவில் இருமல் வந்து வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். காதர் பாய் செம்பில் வெந்நீர் கொண்டு வந்தார். குடித்துவிட்டு மறுபடியும் நின்றார். ரிஜிஸ்தரில் புதிதாக ஒன்றும் எழுதவில்லை. “எழுதினதெல்லாம் சரிதான். தேதிதான் கொஞ்சம் முந்திப்போச்சு” என்றார்.

திங்கட்கிழமை கிருஷ்ணாராம் சொல்லிக்கொள்ள வந்தார். வந்த அன்றே சொல்லியிருந்தபடி, பிள்ளை இப்போது பிரின்ஸிபால் உத்தரவின் கடைசி வரியைக் காட்டினார். வெளியார் பார்க்கும் ஒவ்வொரு மனுவுக்கும் கல்லூரிக் கணக்கில் அரையணா தேடுகூலி. கிடைத்தவர்களின் மனு பதினொன்றுக்கு ஐந்தரை அணா வாங்கிக்கொண்டு ரசீது எழுதினார். கிருஷ்ணாராம் இடுப்பிலிருந்து இன்னொரு பணமுடிச்சை அவிழ்த்து மேஜையில் வைத்தார். பட்டறையில் அப்பாவிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார்.

“இது என்னது?” என்றார் பிள்ளை.

“மத்ததுக்கு சார். முன்னூத்து எழுபத்திரண்டு பாத்தேன்.”

“எந்தக் காயிதம்னு ரசீதுல எழுதணுமே. சாம்பலுக்கு ரசீது போட இந்த ஆபீசுல பாரம் கெடையாதுவே.” முடிச்சை அவர் பக்கமே தள்ளினார். “நல்லா எழுதும். ஓரம் விட்டு எழுதும்.”

எழுதினார். பட்டம் வாங்கினார். வெளியூரில் ஒரு கல்லூரியில் வேலையும் கிடைத்தது. அந்த ஆராய்ச்சி நூல் சர்வகலாசாலை நூலகத்தில் இருக்கிறது. ‘பெயர் சொல்ல இயலாத ஓர் ஆபீசுக்கு’ என்று முதல் பக்கத்தில் நன்றி எழுதியிருக்கிறார். இப்போது கேட்டு எழுதியிருப்பவருக்குக் கொடுக்க நம்மிடம் கட்டு எதுவும் இல்லை. அந்த ஆராய்ச்சி நூலைப் பார்த்துக்கொள்ளும்படி பதில் எழுதிவிடலாம் தம்பி. எண்ணிக்கை எல்லாம் அதில் சரியாக இருக்கும். நான்தான் இரண்டு தரம் கூட்டிப் பார்த்தேன்.

கிருஷ்ணாராம் மதுரைக்கு வரும்போதெல்லாம் பிள்ளையைப் பார்ப்பார். “அந்தப் பாக்கி சார்” என்பார். “எழுதிக் கொண்டாரும்” என்பார் பிள்ளை. இருவரும் சிரிப்பார்கள். பிள்ளை ரிட்டயர் ஆகும் நாளிலும் அது நடந்தது. அதன் பிறகு கிருஷ்ணாராம் அந்தப் பாக்கியை எங்கே கட்டுவது என்று என்னிடம் கேட்டார். எந்தக் கணக்குத் தலைப்பில் வரவு வைப்பது என்று எனக்கும் தெரியவில்லை. ஆடிட்டில் வராது. எந்தப் புத்தகத்திலும் கிடையாது. ஆனாலும் விட்டுவிட்டேன் என்று யாரும் நாளைக்குச் சொல்லக் கூடாது, அதனால் எழுதிவிடுகிறேன். தேடுகூலி, மனு முன்னூற்று எழுபத்திரண்டு, ஒன்றுக்கு அரையணா. கல்லூரிக்கு இன்னும் வர வேண்டியது ரூபாய் பதினொன்று, அணா பத்து.